லோ விசிலின் கனம் எதில் இருக்கிறது?

ஐரிஷ் இசையில் வாசிக்கப்படும், ஆறு துளைகள் கொண்ட நீளமான ஊதுகுழலான லோ விசிலை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது உலோகத்தைப் பற்றித்தான். அலுமினியமா, பித்தளையா? அலுமினியம் என்றால் லேசு, பித்தளை என்றால் கை வலிக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சில் பாதி உண்மைதான் உண்டு. மீதிப் பாதி குழாயின் அளவுகளில் இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

இரண்டு குழாய்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நீளம் 58 செ.மீ., உள்விட்டம் 22 மி.மீ. முதலாவது அலுமினியம், சுவர்த் தடிமன் 1.5 மி.மீ. மற்றது பித்தளை, சுவர்த் தடிமன் அரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் அலுமினியக் குழாய் 173 கிராம் வருகிறது, பித்தளைக் குழாய் 174 கிராம். கண்ணைக் கட்டிக்கொண்டு கையில் வாங்கினால் எது எது என்று எடையை வைத்துச் சொல்ல முடியாது. அதே பித்தளையை அலுமினியம் போல 1.5 மி.மீ. சுவரில் எடுத்திருந்தால் எடை 546 கிராம் ஆகியிருக்கும். அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாசிக்க யாராலும் முடியாது.

உலோகத்தின் பெயரை மட்டும் வைத்துக் கனத்தைத் தீர்மானிக்க முடியாது என்பது இதிலேயே தெரிகிறது. அடர்த்தியையும் சுவர்த் தடிமனையும் பெருக்கினால் என்ன வருகிறதோ அதுதான் கையில் தெரிகிற கனம். அளவுகள் எப்படி அமைகின்றன, அவற்றில் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது, மாற்றினால் வேறென்ன கெடும் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் நீளம். லோ விசில் என்று பொதுவாகச் சொன்னால் டி சுருதியில் அமைந்ததைத்தான் நினைக்கிறோம். அயர்லாந்தின் இசையில் நெடுங்காலமாக இருக்கும் சின்ன டின் விசிலுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே பேசுவது இது. 1970களின் தொடக்கத்தில் ஐரிஷ் இசைக்கலைஞர் ஃபின்பார் ஃபியூரியின் மூங்கில் குழல் சேதமாகிவிட, இங்கிலாந்தில் இருந்த பெர்னார்ட் ஓவர்ட்டன் அவருக்காக அலுமினியக் குழாயில் ஒன்றைச் செய்துகொடுத்தார். இன்றைய உலோக லோ விசில்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அலுமினியக் குழாய் அன்றே இந்த வாத்தியத்தோடு ஒட்டிக்கொண்டது.

இதன் அடி ஸ்வரம் நொடிக்கு ஏறத்தாழ 294 அதிர்வுகள். இரு முனையும் திறந்த குழாயில் அரை அலைநீளம் அடங்க வேண்டும். காற்றில் ஒலி நொடிக்கு 345 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் அரை அலைநீளம் 58.7 செ.மீ. வருகிறது. ஆனால் காற்றுத் தூண் குழாயின் முனையோடு நின்றுவிடுவதில்லை, கொஞ்சம் வெளியே நீள்கிறது. திறந்த முனையில் அது சுமார் 7 மி.மீ., தலைப்பக்கத்தில் ஊதும் காற்று விளிம்பில் மோதி ஒலி பிறக்கும் வெட்டான வாய்வெட்டின் பக்கம் அதைவிட நிறைய. அதைக் கழித்தால் வாய்வெட்டிலிருந்து அடிமுனை வரை ஏறத்தாழ 54 செ.மீ. குழாய் வேண்டும். ஊதுகிற தலைப்பகுதிக்கு இன்னும் நாலு செ.மீ. சேர்த்தால் மொத்தம் 58 வந்துவிடும். செய்பவர் யாராக இருந்தாலும் இதில் ஒன்றிரண்டு செ.மீ.தான் முன்னே பின்னே போக முடியும். நீளத்தைக் குறைத்து எடையைக் குறைக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சுருதி ஏற்கெனவே அதை முடிவு செய்துவிட்டது.

அடுத்தது உள்விட்டம். இதில் கொஞ்சம் சுதந்திரம் உண்டு, ஆனால் அதிகமில்லை. உலோக லோ டி விசில்களில் உள்விட்டம் பெரும்பாலும் 20 முதல் 24 மி.மீ.க்குள் இருக்கும். குறுகலான குழாயில் மேல் ஸ்தாயி சுலபமாக ஏறும், காற்றும் குறைவாகச் செலவாகும், ஆனால் அடி ஸ்வரங்கள் மெலிந்துபோகும். கொஞ்சம் அழுத்தி ஊதினாலே கீழ் டி மேலே தாவிவிடும். அகலமான குழாயில் அடி ஸ்வரங்கள் நல்ல கனத்தோடு பேசும், மேல் ஸ்தாயிக்கு மூச்சைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டும். இந்த இழுபறிக்கு நடுவில்தான் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது குரலுக்காகத்தான், எடைக்காக இல்லை.

எடைக்காக உள்விட்டத்தைத் தொடத் தேவையும் இல்லை என்பதை ஒரு கணக்கு காட்டும். குழாயின் எடையைக் கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. உள்விட்டத்தோடு சுவர்த் தடிமனைக் கூட்டுங்கள். அதைத் தடிமனால் பெருக்கி, 3.14 என்ற பை மதிப்பாலும் பெருக்கினால் உலோகத்தின் வெட்டுப் பரப்பு கிடைக்கும். அதை நீளத்தால் பெருக்கினால் கன அளவு. கடைசியில் அடர்த்தியால் பெருக்கினால் எடை. அலுமினியத்துக்கு ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம், பித்தளைக்குச் சுமார் 8.5, தாமிரத்துக்கு 8.96, நிக்கல் சில்வருக்கு 8.7 அளவில், டைட்டானியத்துக்கு 4.5, துருப்பிடிக்காத எஃகுக்கு 8 என்று வைத்துக்கொள்ளலாம். அலுமினியத்தில் பல கலவைகள் வேறுவேறு எண்களோடு விற்கப்படுகின்றன. எடையைப் பொறுத்தவரை அவற்றுக்குள் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் கிடையாது.

நாம் எடுத்த அலுமினியக் குழாயையே பாருங்கள். 22 மி.மீ.யோடு 1.5 கூட்டினால் 23.5. அதை 1.5 ஆல் பெருக்கினால் 35.25, பையால் பெருக்கினால் 110.7 சதுர மி.மீ. 58 செ.மீ. நீளத்துக்கு 64.2 கன செ.மீ. உலோகம். 2.7 ஆல் பெருக்க 173 கிராம்.

இப்போது உள்விட்டத்தை 24 ஆக்குங்கள், தடிமனை மாற்ற வேண்டாம். எடை எட்டரை சதவீதம்தான் கூடுகிறது, சுமார் 15 கிராம். இந்த 2 மி.மீ. வித்தியாசம் குரலை அடியோடு மாற்றிவிடும், ஆனால் எடையில் அவ்வளவாகத் தெரியாது. திரும்பவும் 22க்கு வந்து, இந்தத் தடவை சுவரை மட்டும் 1.5இலிருந்து 2 மி.மீ. ஆக்குங்கள். அரை மில்லிமீட்டர்தான். எடை 236 கிராம், அதாவது 36 சதவீதம் கூடுதல். சுவரை 1 மி.மீ. ஆக்கினால் 113 கிராமுக்கு இறங்கிவிடும். 1 மி.மீ. குழாய்க்கும் 2 மி.மீ. குழாய்க்கும் நடுவே எடை இரட்டிப்பாகிறது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வெளிவிட்டத்தில் ஒன்று 24, மற்றது 26. விரலுக்குக்கூடப் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஆக, நீளம் சுருதிக்குக் கட்டுப்பட்டது, உள்விட்டம் குரலுக்குக் கட்டுப்பட்டது, எடையை இறக்க ஏற்றத் தயாரிப்பாளர் கையில் மிஞ்சுவது சுவர்த் தடிமன் ஒன்றுதான். விசிலின் கனத்தைப் பற்றி ஒரே ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தால் நான் அந்த எண்ணைத்தான் கேட்பேன்.

ஆனால் அந்தச் சுவரையும் இஷ்டப்படி தேர்ந்தெடுக்க முடியாது. காரணம் ரொம்பச் சாதாரணமானது. குழாய்கள் வெளிவிட்டத்தின் கணக்கில்தான் விற்கப்படுகின்றன. இசைக்கருவி செய்பவருக்கு வேண்டியது உள்விட்டம், ஆலை தருவதோ வெளிவிட்டமும் தடிமனும். மெட்ரிக் அளவில் 25 மி.மீ. வெளிவிட்டமும் 1.5 மி.மீ. சுவரும் உள்ள குழாய் சாதாரணமாகக் கிடைக்கும். அதன் உள்விட்டம் சரியாக 22. லோ டிக்கு அருமையான அளவு. அதே 25இல் 1 மி.மீ. சுவர் எடுத்தால் உள்விட்டம் 23 ஆகிவிடும், 2 மி.மீ. எடுத்தால் 21. கனத்தைக் குறைக்க மெல்லிய சுவருக்குப் போனால் கூடவே உள்விட்டம் அகலமாகி, குரலும் மாறிவிடுகிறது.

பிரிட்டனின் பழைய கேஜ் கணக்கிலும் இதே சிக்கல். ஓர் அங்குல வெளிவிட்டத்தில் 16 கேஜ் குழாயின் சுவர் 1.63 மி.மீ., உள்விட்டம் 22.15. எடை 58 செ.மீ.க்கு 190 கிராம். 18 கேஜ் என்றால் சுவர் 1.22, உள்விட்டம் ஏறக்குறைய 23, எடை 145. 20 கேஜ் என்றால் சுவர் 0.91, உள்விட்டம் 23.6, எடை 110 கிராம். எண் ஏற ஏறச் சுவர் மெலிகிறது, உள்ளே அகலுகிறது. 16இலிருந்து 20க்கு மாறினால் 80 கிராம் மிச்சம்தான், ஆனால் அது வேறொரு விசில். வாய்வெட்டின் அளவு, ஊதும் காற்றை அதற்குக் கொண்டுபோகும் காற்றுவழியின் உயரம், துளைகளின் இடம் எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்க் குழாய் வேலைக்கு வரும் தாமிரக் குழாயில் லோ விசில் செய்து பார்ப்பவர்கள் உண்டு. ஐரோப்பிய அளவில் 22 மி.மீ. வெளிவிட்டம், 0.9 மி.மீ. சுவர் உள்ள குழாய் அதற்குத் தோதாகக் கிடைக்கிறது. உள்விட்டம் 20.2, லோ டிக்குக் கொஞ்சம் குறுகல் என்றாலும் வேலை நடக்கும். எடை? 310 கிராம். சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான், இருந்தும் இவ்வளவு கனம். ஏனென்றால் தாமிரத்தின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்தக் குழாய் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கவும் சுவரில் பதிந்து ஆண்டுக்கணக்காக உழைக்கவும் செய்யப்பட்டது. இசைக்கு அவ்வளவு உலோகம் தேவையில்லை. வெள்ளிப் புல்லாங்குழல்களின் சுவர் 0.4 மி.மீ.க்குச் சற்று முன்னே பின்னேதான் இருக்கும். கனமான உலோகத்தில் இசைக்கருவி செய்தவர்கள் சுவரை எவ்வளவு மெல்லியதாக வைக்க வேண்டும் என்று எப்போதோ கண்டுகொண்டுவிட்டார்கள். பித்தளையில் நல்ல லோ விசில் செய்பவர்களும் அந்த வழியில்தான் போகிறார்கள்.

அப்புறம் தகட்டைச் சுருட்டி, மடிப்பில் பற்றவைத்துச் செய்யும் கூம்பு வடிவ விசில்களும் இருக்கின்றன. தலைப்பக்கம் அகலமாகவும் அடிப்பக்கம் குறுகலாகவும் இருக்கும். தகடு மெல்லியது, சராசரி விட்டமும் குறைவு, தலைக்குள் மரக்கட்டை. இந்த வகையில் எடை தானாகவே இறங்கிவிடும்.

சுவர் மெலிந்தால் எடை குறையும், சரி. அப்படியானால் எல்லோரும் அலுமினியத்தை அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து 55 கிராமில் ஒரு லோ விசில் செய்துவிடலாமே? செய்வதில்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

குரல் கெட்டுவிடும் என்பது அதில் முதல் காரணமாகச் சொல்லப்படும். இதை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் வெள்ளி, தாமிரம், மரம் ஆகியவற்றில் உள் அளவுகள் ஒன்றாக இருக்கும்படி புல்லாங்குழல்களைச் செய்து, எது எது என்று தெரியாதபடி வைத்து வாசிக்கவும் கேட்கவும் சொன்னார். கேட்டவர்களால் அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த வகைக் குழல்களில் ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்றுத் தூண்தான். உருண்டையான குழாயின் சுவர் அந்த அதிர்வுக்கு அசைந்துகொடுப்பது மிகமிகச் சொற்பம். தடித்த சுவருக்கு இருண்ட குரல், மெல்லிய சுவருக்குப் பிரகாசமான குரல் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி உள்விட்டத்தாலும் வாய்வெட்டின் விளிம்பாலும் துளைகளாலும் வருவதே.

துளைகள் என்றதும் ஓர் உண்மையான விளைவு வருகிறது. சுவர்த் தடிமன் என்பது துளையின் ஆழமும்கூட. விரல் எடுக்கப்பட்ட துளை வழியாகக் காற்று வெளியே போகும்போது அது ஒரு குட்டிக் குழாயைக் கடக்கிறது. குட்டிக் குழாயின் ஒலியியல் நீளம் சுவர்த் தடிமனோடு, துளை விட்டத்தின் முக்கால் பங்கைச் சேர்த்தால் வருவது என்று தோராயமாகச் சொல்லலாம். 9 மி.மீ. துளையை எடுத்துக்கொண்டால் 1.5 மி.மீ. சுவரில் அது 8.25, அரை மில்லிமீட்டர் சுவரில் 7.25. எட்டில் ஒரு பங்கு குறைகிறது. அதே இடத்தில், அதே அளவில் போட்ட துளை மெல்லிய சுவரில் கொஞ்சம் தூக்கலாகப் பேசும். எனவே ஒரு விசிலின் துளை அளவுகளை அப்படியே எடுத்து வேறு தடிமன் உள்ள குழாயில் போட்டால் ஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று இசையாது. இதைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் கணக்கில் எடுக்க வேண்டும். இன்னொன்று, மெல்லிய சுவரில் துளையின் ஓரம் விரலில் கத்தி போலப் படும். ஓரங்களை நன்றாக மழுக்கிவிடச் சுவரில் கொஞ்சம் சதை வேண்டும்.

நசுங்குவது இதைவிடப் பெரிய விஷயம். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. தடிமன் மூன்று மடங்கானால் விறைப்பு 27 மடங்கு. பித்தளை இயல்பிலேயே அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்கு விறைப்பானது, அதைக் கழித்தாலும் நாம் முதலில் பார்த்த ஜோடியில் 1.5 மி.மீ. அலுமினியச் சுவர், அரை மில்லிமீட்டர் பித்தளைச் சுவரைவிடச் சுமார் 18 மடங்கு விறைப்பாக நிற்கும். எடை இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதை மறக்க வேண்டாம். மேசை விளிம்பில் தட்டினால் பித்தளையில் குழி விழும், அலுமினியத்தில் கீறல் விழும். பயணத்தில் பையில் போட்டுக்கொண்டு திரிகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். அலுமினியம் லோ விசில்களுக்கு ஏற்ற உலோகமாக நிலைத்ததற்கு அது லேசானது என்பதைவிட, தடித்த சுவர் வைத்தும் எடையை அடக்க முடிகிறது என்பதே நியாயமான காரணமாக எனக்குப் படுகிறது.

வெப்பத்தில் கதை திரும்புகிறது. அதே ஜோடியில் அலுமினியக் குழாயை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 155 ஜூல் வேண்டும், பித்தளைக் குழாய்க்கு 66 ஜூல் போதும். ஒரே எடை, ஆனால் அலுமினியம் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை விழுங்குகிறது. குளிர்ந்த அறையில் தடித்த அலுமினிய விசிலை எடுத்து ஊதினால் முதல் சில நிமிடங்கள் சுருதி தாழ்ந்தே நிற்பதும், காற்றுவழியில் ஈரம் படிந்து குரல் அடைத்துக்கொள்வதும் இதனால்தான். உள்ளே காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி ஓர் அரைஸ்வரத்தின் நூறில் மூன்று பங்கு ஏறும். பத்து டிகிரி என்றால் அது காதில் நன்றாகவே விழும். வாசிப்பவர்கள் தொடங்கும் முன் விசிலின் தலையை அக்குளில் இடுக்கி வைத்துச் சூடேற்றுவது காரணமில்லாமல் இல்லை.

சரி, மொத்த எடையைப் பற்றி இவ்வளவு பேசினோம். கைக்குத் தெரிவது மொத்த எடை மட்டும் இல்லை, அது குழாயில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும்தான்.

லோ விசிலை வாசிக்கும்போது அதைத் தாங்குபவை உதடு, இரண்டு கட்டைவிரல்கள், அந்த நேரத்தில் துளை மேல் இருக்கும் விரல்கள். கடினமான நேரம் எது என்றால், ஆறு துளையும் திறந்து சி ஷார்ப் வாசிக்கும்போது. அப்போது மேலே அழுத்த விரல் இல்லை. உதடும் கட்டைவிரல்களும்தான். இதனால்தான் பலர் அந்த ஸ்வரத்தில் வலது கையின் ஒரு விரலைத் துளை மேலேயே விட்டுவைக்கிறார்கள். சாய்த்துப் பிடித்திருப்பதால் குழாய் கீழ்நோக்கி வழுக்கவும் பார்க்கும். பளபளப்பாக மெருகேற்றிய குழாயும் வியர்த்த கட்டைவிரலும் சேர்ந்தால் எடை உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும்.

கணக்கை எளிமையாக்க, உதடும் வலது கட்டைவிரலும் மட்டும் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். வலது கட்டைவிரல் தலைமுனையிலிருந்து சுமார் 42 செ.மீ.யில் இருக்கிறது. குழாயின் எடை மையம் நடுவில், அதாவது 29 செ.மீ.யில். நெம்புகோல் கணக்குப்படி எடையில் 69 சதவீதம் கட்டைவிரலுக்குப் போகிறது. 173 கிராம் குழாயில் அது 119 கிராம்.

இதே கணக்கில் தலைக்குள் இருக்கும் அடைப்புக்கட்டையைப் பாருங்கள். 22 மி.மீ. விட்டத்தில் 4 செ.மீ. நீளக் கட்டை டெல்ரின் பிளாஸ்டிக்கில் 21 கிராம், அலுமினியத்தில் 41, பித்தளையில் கிட்டத்தட்ட 130. தராசில் வைத்தால் பெரிய வித்தியாசம். ஆனால் அது உதட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கட்டைவிரலுக்கு டெல்ரின் கட்டையால் ஒரு கிராம் சொச்சமும், பித்தளைக் கட்டையால்கூட ஆறேழு கிராமும்தான் போய்ச்சேரும். மாறாக அடிமுனையில் ஒரு வளையம் மாட்டி 10 கிராம் சேர்த்தால் கட்டைவிரலுக்குக் கிட்டத்தட்ட 14 கிராம் கூடும். போட்டதைவிட அதிகம். ஏனென்றால் அது கட்டைவிரலைத் தாண்டி வெளியே தொங்குகிறது, தலையை மேலே தூக்கப் பார்க்கிறது. அடிமுனையில் அழகுக்காக உலோக வளையம் வைப்பதை நான் விரும்பாததற்கு இதுவே காரணம்.

சுருதி சரிசெய்யும் இணைப்பு உள்ள விசில்களில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் போகும்படி பித்தளை உறைகள் இருக்கும். 5 செ.மீ. நீளம், அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள உறை 17 கிராம். உள்ளும் புறமும் இரண்டு என்றால் 33. அதுவும் தலைக்கு அருகே இருப்பதால் கட்டைவிரல் அதில் கால் பங்குதான் சுமக்கும். சுருதியை மாற்றிக்கொள்ளும் வசதிக்கு இது அதிக விலை இல்லை.

இந்த நெம்புகோல் கணக்கு தெரிந்த ஒருவர் குழாயை லேத்தில் மாட்டி வெளிப்பக்கத்தைக் கடைந்து எடையைக் குறைக்க நினைத்தால் முழு நீளத்தையும் கடைய வேண்டியதில்லை. 25 மி.மீ. குழாயை 24.5 ஆகக் கடைந்தால் சுவர் 1.25 ஆகிறது. முழு நீளமும் கடைந்தால் 30 கிராம் குறையும், அதில் கட்டைவிரலுக்குச் சுமார் 20 கிராம் மிச்சம். கீழ்ப்பாதியில் 30 செ.மீ. மட்டும் கடைந்தால் மொத்த எடையில் 16 கிராம்தான் குறைகிறது, ஆனால் அந்த 16 கிராமும் கட்டைவிரலுக்கே மிச்சமாகிறது. பாதி வேலையில் முக்கால் பலன். உள்விட்டம் தொடப்படாததால் குரலும் அப்படியே இருக்கும், வலது கைத் துளைகளை மட்டும் சுவர் மெலிந்ததற்கு ஏற்பக் கொஞ்சம் பார்த்துப் போட்டால் போதும்.

துளைகள் போடுவதால் எவ்வளவு எடை போகும் என்றும் சிலர் கேட்பதுண்டு. 1.5 மி.மீ. அலுமினியச் சுவரில் 9 மி.மீ. துளை ஒன்றுக்குக் கால் கிராம். ஆறு துளைக்கும் சேர்த்து ஒன்றரை கிராம். மறந்துவிடலாம்.

மற்றச் சுருதிகளுக்குப் போனால் நீளமும் உள்விட்டமும் சேர்ந்து நகரும். அதே 1.5 மி.மீ. அலுமினியச் சுவரில் எஃப் சுருதிக்கு 49 செ.மீ. நீளம், 19 மி.மீ. உள்விட்டம் என்று வைத்தால் 128 கிராம். டியிலிருந்து ஒரு முழு ஸ்வரம் கீழே இறங்கி சி சுருதிக்குப் போனால் 65 செ.மீ., 24 மி.மீ., எடை 211. இன்னும் கீழே, டிக்கு இரண்டரை முழு ஸ்வரம் தாழ்ந்த ஏ என்றால் 77 செ.மீ., 28 மி.மீ., 289 கிராம். இவ்வளவு பெரிய விசிலில் கைகள் அகலமாக நீள வேண்டியிருப்பதால் தோளும் சேர்ந்து சுமக்கிறது. டியில் 1.5 மி.மீ. சுவர் வசதியாக இருக்கிறது என்பதற்காக ஏவிலும் அதையே வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் 190 கிராமில் முடிந்துவிடும். நசுங்கும் பயம் அகலக் குழாயில் கொஞ்சம் கூடும்தான், ஆனால் தூக்கவே முடியாத விசிலைக் காப்பாற்றி என்ன செய்வது?

டியைப் பொறுத்தவரை 140 முதல் 180 கிராம் வரை என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும் எல்லை என்பது என் எண்ணம். அலுமினியத்தில் 1.25 முதல் 1.5 மி.மீ. சுவர் அந்த எல்லையில் உட்காருகிறது. பித்தளை என்றால் 0.4இலிருந்து 0.5 வரை. டைட்டானியத்தில் முக்கால் மில்லிமீட்டர் சுவர் 140 கிராமில் வரும், உறுதியும் பிரமாதம், ஆனால் அதைக் கடைவதும் துளைப்பதும் சிரமமான வேலை. 100 கிராமுக்குக் கீழே போனால் குழாய் கையில் நிற்காமல் துள்ளுவது போல இருக்கும். விரல்களை வேகமாக அடித்து எடுக்கும் இடங்களில் கொஞ்சம் கனம் இருந்தால் அது ஆடாமல் நிற்கும். கனம் முழுக்க முழுக்க எதிரி இல்லை.

விற்பவர் சுவர்த் தடிமனைச் சொல்லவில்லை என்றால் அடிமுனையில் வெர்னியர் காலிப்பரை வைத்து வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் அளந்து, கழித்து, இரண்டால் வகுத்துக்கொள்ளலாம். சுற்றிலும் மூன்று நான்கு இடத்தில் அளப்பது நல்லது. ஆலையில் இழுத்து வரும் குழாய்களில் சுவர் ஒரு பக்கம் கொஞ்சம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருப்பது சகஜம். சராசரித் தடிமனில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் முழு நீளத்துக்கும் இருந்தால் 11, 12 கிராம் கூடவோ குறையவோ செய்யும். ஒரே தயாரிப்பாளரின் ஒரே மாதிரி விசில்கள் இரண்டு தராசில் வேறு எண் காட்டினால் பெரும்பாலும் காரணம் இதுதான். மேலே பூசும் பவுடர் பூச்சு ஐந்தாறு கிராம் சேர்க்கும், அலுமினியத்தின் மேற்பரப்பை மின்சாரத்தால் கெட்டிப்படுத்தும் அனோடைசிங் ஒன்றும் சேர்க்காது.